மூச்சு விடாதீங்க, அண்ணி!

அத்தியாயம் 9

“டீச்சர், எனக்கு மூச்சுப் பிடிச்சுக்கிச்சு.”

காலை ஏழு மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் வேறு யாராக இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். டீச்சர் கூப்பிடவில்லை. அடுப்படி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“எங்க பிடிச்சிருக்கு?”

“நடு முதுகுல. நேத்து சாயங்காலம் மருந்துப் பெட்டி தூக்கினேன். குனிய முடியல, திரும்ப முடியல, தும்மக்கூட பயமா இருக்கு. இன்னைக்கு என்னை விட்டுருங்க டீச்சர்.”

“நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுங்க,” என்று வாய் சொன்னது. மனசு வேறு ஏதோ சொன்னது. அதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

பேசியவர் மருந்துக்கடைக்காரர். இன்று பத்து மணிக்கு டீச்சருக்குப் பரீட்சை. மூன்று பேரை வைத்துக்கொண்டு ஐம்பது நிமிடம், மூச்சோடு சேர்ந்த உடற்பயிற்சியான பிலாட்டீஸ் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். மூவரில் ஒருவர், பாய் எந்தப் பக்கம் விரியும் என்றுகூடத் தெரியாத புத்தம்புது ஆளாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் புத்தம்புது ஆள்தான் இப்போது குப்புறப் படுத்திருக்கிறார்.

இது இரண்டாவது முறை. முதல் முறை என்ன ஆனது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பரீட்சை வைக்க வந்த மேடம் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ‘சொற்கள் அதிகம். மாணவர்கள் மூச்சு விட இடமில்லை.’ அந்தத் தாளை டீச்சர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். பால் எடுக்கும்போதெல்லாம் அது அவளைக் குத்தும்.

இந்த முறையும் போனால் அடுத்த பரீட்சைக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். மாடி ஹாலின் சொந்தக்காரர் அவ்வளவு நாள் பொறுக்கிற ஆள் இல்லை. ‘சான்றிதழ் வந்தா ஹால் உனக்கு, வரலன்னா டான்ஸ் கிளாஸுக்கு’ என்று போன மாதமே சொல்லியாகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், பழைய லிஃப்ட் கதவை வெட்டி ஒரு பெயர்ப்பலகைகூடச் செய்துவிட்டார். ‘பிலாட்டீஸ் பயிற்சி’ என்ற எழுத்துகளுக்குக் கீழே ஒரு வரி காலி. அதில் ‘சான்றிதழ் பெற்றவர்’ என்று எழுதுகிற நாளுக்காகப் பலகை கட்டிலுக்கு அடியில் போர்வை போர்த்திப் படுத்திருந்தது.

“யாரு அண்ணி போன்ல?”

கொட்டாவி விட்டபடி நாத்தனார் வந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் எக்ஸ்ரே. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், பதினோரு வருஷமாக ‘மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடலாம்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த குரல் அவளுடையது. போட்டோ எடுத்துக்கொள்ளும்போதுகூட ‘சிரிங்க’ என்று சொல்ல வராது. ‘பிடிங்க’ என்றுதான் வரும்.

“புது ஆள் போயாச்சு,” என்றாள் டீச்சர்.

“எங்க?”

“படுக்கைக்கு. மூச்சுப் பிடிப்பாம்.”

“மூச்சு சொல்லிக் கொடுக்கற கிளாஸுக்கு மூச்சுப் பிடிப்புன்னு லீவா? நல்லாருக்கே!”

டீச்சர் சிரிக்கவில்லை. நாத்தனாரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“என்ன அண்ணி, துணிக்கடை பொம்மையைப் பார்க்கற மாதிரி பார்க்கறீங்க?”

“நீ ஒரு நாள்கூட என் கிளாஸுக்கு வந்ததில்லையே?”

“வரவே மாட்டேன்னு சபதம் போட்டவ நான்.”

“இன்னைக்கு உனக்கு மத்தியானம்தானே டியூட்டி?”

“அண்ணி, வேணாம்.”

“ஐம்பது நிமிஷம். ஐம்பதே நிமிஷம். நான் உனக்காக ஒன்பது நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். வாயைக் கட்டறது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனைன்னு உனக்கே தெரியும்.”

இது சுத்தமான மிரட்டல் என்று இருவருக்கும் தெரியும். ஒன்பது நாளுக்கு முன்னால், கடிகாரத்துக்கு பேட்டரி தேடப்போன டீச்சர் கையில் சிக்கியது ஒரு வேலை உத்தரவு. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே பிரிவு முழுவதற்கும் நாத்தனார்தான் பொறுப்பாளர். இருபது நாளில் போய்ச் சேர வேண்டும். அம்மா போன பிறகு அப்பாவை விட்டு ஒரு வாரம்கூட வெளியூரில் தங்காத பெண், அன்றைக்கு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க, அண்ணி. நானே சொல்லிக்கறேன்.”

இன்றுவரை சொல்லவில்லை. மிச்சம் பதினோரு நாள்.

“யாரு வாயை யாரு கட்டினது?”

கதவருகே மாமனார். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அறையிலும் சத்தமில்லாமல் ஏறி, எந்தப் பேச்சிலும் பாதியில் நுழைகிற திறமை அவருக்கு உண்டு.

அண்ணியும் நாத்தனாரும் அப்படியே நின்றார்கள்.

“ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. அங்க பால் பொங்குது,” என்றார் கண்டக்டர்.

பொங்கித்தான் இருந்தது.

*

தையல் கடைக்கு மேலே ஹால். ஏறிப்போக இருபத்திரண்டு படி. பதினோராவது படியில் ஒரு திருப்பம், அங்கே சுவரில் ஒரு பழைய அறிவிப்பு. ‘படிகளில் சைக்கிள் வைக்கக் கூடாது.’ கண்டக்டர் வழக்கம்போல அங்கே நின்று அதைப் படித்தார்.

“மாமா, மூணு மாசமா அதையேதான் படிக்கறீங்க. மனப்பாடம் ஆகலையா?”

“எழுத்து அழகா இருக்கும்மா.”

முதுகு வலி என்று சொல்லித்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் வகுப்பில் சேர்ந்தார். மருமகளிடமே மாணவராகப் படிப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. முதல் ஆளாக வந்து, ‘போலாம் ரைட்’ என்று அவரே வகுப்பைத் தொடங்கி வைப்பார்.

மூன்றாவது மாணவி கீழ்க்கடை தையலக்கா. மெஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் அளவு டேப்போடு மேலே வந்தாள். கையில் மூன்று நீளத் துணிப்பட்டைகள். வெட்டி மிஞ்சிய ஓரத்துணி. விலாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் மூச்சு எங்கே போகிறது, எங்கே போகாமல் ஏமாற்றுகிறது என்று துணியே காட்டிக்கொடுத்துவிடும். டீச்சரின் சொந்தக் கண்டுபிடிப்பு அது.

சரியாகப் பத்து மணிக்கு மேடம் வந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கேன்வாஸ் ஷூ, ஒரு நோட்டு, ஒரு பேனா. மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் இங்க இல்லன்னு நினைச்சுக்கோங்க.”

அப்படிச் சொன்னால் யாரால் நினைக்க முடியும்?

மூவரும் மல்லாந்து படுத்தார்கள். முழங்கால்கள் மடங்கி, பாதங்கள் தரையில். துணிப்பட்டையின் முடிச்சு நெஞ்சுக்குக் கீழே நட்டநடுவில்.

“மூச்சு மேல நெஞ்சுக்கும் போக வேணாம், வயித்தையும் உப்ப வைக்க வேணாம்,” என்று டீச்சர் ஆரம்பித்தாள். “பக்கவாட்டுல போகணும். ரெண்டு விலாவும் குடை விரியற மாதிரி விரியணும். தோள் காதுகிட்ட ஏறக்கூடாது. தாடையை இறுக்காதீங்க. கழுத்து நீளமா. நாக்கைக்கூட தளர்வா விடணும், நாக்குன்னதும் ஞாபகம் வருது, போன வாரம்...”

மூலையில் பேனா நகர்ந்தது.

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தளர்வாக இல்லை, நன்றாகவே கடித்தாள்.

“இழுங்க.”

மூன்று துணிகளும் இறுகின.

“விடுங்க. விட்டுக்கிட்டே வலது காலை மட்டும் மேல தூக்குங்க.”

கண்டக்டரின் கால் எழுந்தது. தையலக்காவின் கால் எழுந்தது. எக்ஸ்ரே மொத்தமாகவே எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“விடுங்கன்னு சொன்னீங்களே.”

“மூச்சை விடச் சொன்னேன்!”

“எங்க ரூம்ல மூச்சை விடலாம்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம், அண்ணி. சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிடலாம்.”

தையலக்காவின் துணிப்பட்டை சிரிப்பில் குலுங்கியது. டீச்சர் மூலைப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

மறுபடி படுக்கவைத்து மறுபடி ஆரம்பித்தாள். “இழுங்க. விடுங்க.” இந்த முறை கால் எழுந்தது. ‘விடுங்க’ என்ற சொல் காதில் விழுந்த நொடியில் ‘தொப்’ என்று பாயில் விழுந்தது. மூன்றாவது முறையும் தொப். கீழே கடையில் யாரோ கூரையைப் பார்த்திருப்பார்கள்.

டீச்சர் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விலாவில் வைத்தாள். விலாவா அது? இரும்புப் பெட்டி.

“மூச்சு எங்க? காணோமே?”

“பிடிச்சிருக்கேன்.”

“யாரு பிடிக்கச் சொன்னா?”

“இழுங்கன்னா அடுத்தது பிடிங்கதானே?” எக்ஸ்ரே பாவமாகப் பார்த்தாள். “வர்றவங்க எவ்வளவு நேரம் தாங்குவாங்கன்னு தெரியணும்ல அண்ணி. அவங்க பிடிக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பிடிச்சுப்பேன். எனக்கு முட்டினா அவங்களுக்கும் முட்டும். உடனே விடச் சொல்லிடுவேன்.”

பதினோரு வருஷம். ஒரு நாளைக்கு அறுபது பேர். அவர்கள் எல்லாருக்காகவும் இவளும் மூச்சைப் பிடித்திருக்கிறாள்! ஒரே வீட்டில் இருந்தும் இது டீச்சருக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்பதற்குத் தான் பேசுவதை நிறுத்தியிருக்க வேண்டுமே.

குற்றவாளி நாத்தனார் இல்லை, ‘விடு’ என்கிற சொல். சோதனையை முடித்து அனுப்பவும் அதே சொல், காலைக் கீழே போடவும் அதே சொல், மருந்துக்கடைக்காரர் லீவு கேட்கவும் அதே சொல். அந்த ஒரு சொல்லை எத்தனை வேலைக்குத்தான் அனுப்புவது?

“சரி. இனிமே நான் அந்த வார்த்தையையே சொல்லப் போறதில்ல,” என்றாள் டீச்சர். “ஊதுங்க. மாமா விசில் ஊதுவாரே, அதே மாதிரி உதட்டைக் குவிச்சு ஊதணும். ஆனா சத்தம் வரக்கூடாது. நீளமா, கடைசி சொட்டு வரைக்கும்.”

மூவரும் ஊதினார்கள். எக்ஸ்ரே ஊதியது ‘புஸ்’ என்று பாதியில் நின்றது. விலா இன்னும் பெட்டியாகவே இருந்தது.

“இன்னும் உள்ள வெச்சிருக்க. எவ்வளவு நேரம்தான் பிடிச்சு வெச்சிருப்ப?”

பதில் பக்கத்துப் பாயிலிருந்து வந்தது.

“எவ்வளவு நாள்னு கேளும்மா.”

கண்டக்டர் கூரையைப் பார்த்துத்தான் பேசினார்.

“இறங்கற ஸ்டாப் எதுன்னு தெரிஞ்சு போச்சு. அப்புறமும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னா எப்படி? இறங்கறவ தைரியமா இறங்கணும். நான் ஒண்ணும் சொல்லலையே.”

மேடத்தின் பேனாகூட நின்றுவிட்டது. தையலக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மரியாதைக்கு அசையாமல் இருந்தாள்.

டீச்சருக்கு ஆயிரம் சொற்கள் வாய்வரை வந்தன. ‘மாமா, உங்களுக்கு எப்படி?’ ‘நான் சொல்லல, சத்தியமா நான் சொல்லல.’ அத்தனையையும் விழுங்கினாள். கைகளை மட்டும் நாத்தனாரின் விலாவிலிருந்து எடுக்கவில்லை.

“பேச்சு அப்புறம்,” என்றாள் மெதுவாக. “இப்ப ஊது.”

எக்ஸ்ரே கண்ணை மூடினாள். ஊதினாள். ஒன்பது நாள் மூச்சு அது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. டீச்சரின் உள்ளங்கைகளுக்குக் கீழே விலா எலும்புகள் ஒவ்வொன்றாக இறங்கின, கதவுகளைச் சாத்துவதுபோல. கண் ஓரத்திலிருந்து காதை நோக்கி ஒரு சொட்டு வழிந்தது. வலது கால் தரையிலிருந்து எழுந்தது.

தொப் என்ற சத்தத்துக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. கால் அங்கேயே, காற்றில், ஆடாமல் நின்றது.

“அண்ணி, கால் நிக்குது!”

“பேசாதே. ஊது.”

அதற்குப் பிறகு டீச்சர் பேசவே இல்லை என்று சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். ‘இழுங்க’, ‘ஊதுங்க’, அவ்வளவுதான். நடுவில் நீளமான அமைதி. முதன்முறையாக அந்த ஹாலில் மூன்று பேரின் மூச்சும் தனித்தனியாக அவள் காதில் விழுந்தது. தையலக்காவுடையது கத்தரிக்கோல்போல நேராக, சுருக்கமாக. எக்ஸ்ரேவுடையது இப்போதுதான் நடக்கப் பழகும் குழந்தைபோல.

கண்டக்டருடையது?

டீச்சர் அவர் பாயருகே உட்கார்ந்தாள். அவர் இழுத்தார். துணி இறுகியது. நட்டநடுவில் இருந்த முடிச்சு மெல்ல வலது பக்கம் போனது. ஒரு விரல் அகலம். ஊதினார். முடிச்சு நடுவுக்குத் திரும்பியது. மறுபடி இழுத்தார். மறுபடி வலது பக்கம்.

வலது விலா குடைபோல விரிகிறது. இடது விலா விரியவில்லை.

அவள் கை இடது பக்கத்தில் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. மூன்று மாதமாக, வாரத்துக்கு மூன்று நாள், இதே பாய், இதே துணி. தோளைப் பற்றி, தாடையைப் பற்றி, நாக்கைப் பற்றி எல்லாம் பேசியிருக்கிறாள். இந்த முடிச்சை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அடுத்தது ‘நூறு’. தலையைத் தூக்கி, கால்களை உயர்த்தி, கைகளை ஆட்டிக்கொண்டே ஐந்து எண்ணும்வரை இழுத்து, ஐந்து எண்ணும்வரை ஊதி, பத்துச் சுற்று. இதுதான் கண்டக்டருக்கு ரொம்பப் பிடித்தது. சத்தமாக எண்ணிக்கொண்டே செய்வார்.

டீச்சர் ஒரு துண்டை மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்தாள்.

“மாமா, நீங்க இன்னைக்கு இது செய்ய வேணாம். படுத்தபடி மெதுவா ஊதிக்கிட்டு மட்டும் இருங்க.”

வழக்கமாக ‘ஏன், நான் என்ன கிழவனா?’ என்று சண்டைக்கு வருகிற மனிதர், ‘சரிம்மா’ என்றார். அந்தச் ‘சரிம்மா’தான் அவளை உலுக்கியது.

*

வகுப்பு முடிந்ததும் மேடம் அவளைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்தார். கீழே தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.

“போன தடவை நீங்க ஒரு நிமிஷம்கூட நிறுத்தல. நான் எண்ணிப் பார்த்தேன்.”

“தெரியும் மேடம். ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன்.”

மேடத்தின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

“இன்னைக்கு அந்தப் பொண்ணுக்காக ஒரு வார்த்தையையே மாத்தினீங்க. நல்லா இருந்தது. ஆனா நான் எழுதி வெச்சது அதை இல்ல. பெரியவர்கிட்ட ஒரு இடத்துல உங்க கை நின்னுச்சு.”

டீச்சர் தலையாட்டினாள்.

“அங்க இருந்து எனக்கும் முடிச்சு தெரிஞ்சுது. எல்லார் முன்னாடியும் கேட்டு அவரைப் பயமுறுத்தாம பயிற்சியை மட்டும் குறைச்சீங்க. அது சரி. அதோட வேலை முடியாது.” நோட்டுக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். எல்லாக் கட்டத்திலும் மேடத்தின் கையெழுத்து. கடைசிக் கட்டம் மட்டும் காலி.

‘மாணவரிடம் கவனித்த உடல்நிலை மாற்றமும், அதற்கு எடுத்த நடவடிக்கையும்.’

“என்ன ஏதுன்னு கண்டுபிடிக்கறது நம்ம வேலை இல்ல. டாக்டர்கிட்ட அனுப்பறதுதான் நம்ம வேலை. அனுப்பிட்டு, இதை நிரப்பி சனிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க. வந்தா சான்றிதழ் போடறேன். வராட்டி...”

“ஒரு வருஷம்.”

“ஒரு வருஷம்,” என்றார் மேடம். கேன்வாஸ் ஷூ சத்தமில்லாமல் இருபத்திரண்டு படிகளையும் இறங்கிப் போனது.

டீச்சர் திரும்பி வந்தபோது எக்ஸ்ரே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“எப்படிப்பா தெரிஞ்சுது? அண்ணி சொன்னாங்களா?”

“அவ மூச்சு விடல. பாவம், விடாம இருந்து இருந்து இளைச்சே போயிட்டா.” கண்டக்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “முப்பத்தொரு வருஷம் பஸ்ல நின்னிருக்கேன். இறங்கப் போறவங்க ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடியே பையைத் தொட்டுப் பார்ப்பாங்க. நீ பரண்ல கிடந்த பெட்டியை இறக்கித் துடைச்சு வெச்ச. தினமும் போய் அதோட பூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கற. இதுக்கு மேல எனக்கு டிக்கெட்டைக் காட்டணுமா?”

“நீங்க தனியா இருப்பீங்கன்னு...”

“இவளும் உன் அண்ணனும் இருக்கற வீட்டுல தனியாவா? இவ பேச்சுக்கு நடுவுல தனிமை எங்க உட்காரும்?”

“மாமா!”

“இறங்கறவங்களைப் பிடிச்சு வெச்சுக்கறது கண்டக்டர் வேலை இல்லம்மா. விசில் ஊதணும், வண்டியை நிறுத்தணும், பத்திரமா இறக்கி விடணும். அவ்வளவுதான்.”

எக்ஸ்ரே அழுதுகொண்டே சிரித்தாள். “அப்ப நான் போலாமா?”

“போலாம், ரைட்!”

அவள் துள்ளி எழுந்தாள். “அண்ணி, மேடம் என்ன சொன்னாங்க? பாஸ்தானே? உங்க மூஞ்சியைப் பார்த்தா தெரியலையே. பாஸ்தான். நான் போய்ப் பலகையை எடுத்துட்டு வரேன். வாசல்ல ஆட்டோ நிக்குது, பத்து நிமிஷம்!”

“இரு, இன்னும்...”

இருக்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

*

தையலக்கா எப்போதோ கடைக்கு இறங்கிவிட்டாள். ஹாலில் இரண்டு பேர்தான். கண்டக்டர் பாயைச் சுருட்டினார். பாதியில் நிறுத்தினார். மறுபடி சுருட்டினார்.

“மாமா, எத்தனை நாளா?”

எது என்று அவர் கேட்கவில்லை.

“நாலஞ்சு மாசமா. படியேறினா இடது பக்கம் யாரோ உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு.”

“அதான் அந்தச் சைக்கிள் போர்டா?”

“அதான்.” கூச்சத்தோடு சிரித்தார். “முதுகு வலின்னு உன்கிட்ட சொன்னது பொய்ம்மா. மூச்சுக்கு நல்லதுன்னு சொன்னாங்களே, சரியாயிடும்னு பார்த்தேன். நீயும் நல்லாத்தான் சொல்லிக் கொடுக்கற.”

“உங்க பொண்ணே எக்ஸ்ரே எடுக்கறவ. ஒரு நாள் போய் நின்னிருந்தா...”

“அதுக்குத்தான் நிக்கல. அவ ஒண்ணைப் பார்த்துட்டான்னு வை, பெட்டியை மறுபடி பரண்ல ஏத்திடுவா. நான்தான் இறங்கச் சொன்னேன். நானே எப்படி அவ கையைப் பிடிச்சு இழுக்கறது?”

டீச்சர் படிவத்தை அவரிடம் நீட்டினாள். அவர் கையை நீட்டி, எட்டப் பிடித்து, காலிக் கட்டத்தைப் படித்தார். பழைய டிக்கெட்டைச் சோதிப்பதுபோல இரண்டு முறை படித்தார்.

“என்னைக்கு?”

“சனிக்கிழமைக்குள்ள. இன்னும் நாலு நாள்.”

“அவளுக்கு ரயில் பதினோரு நாள்ல. நீ வெளிய இருந்தப்ப சொன்னா.” படிவத்தை மடித்து அவள் கையிலேயே வைத்தார். “அவ ஏறட்டும்மா. மறுநாள் காலைல நீ சொல்ற டாக்டர்கிட்ட நானே வரேன். அதுவரைக்கும் மூச்சு விடாதே.”

“மாமா, இது வேலை உத்தரவு மாதிரி இல்ல. இதைப் பிடிச்சு வெச்சுக்க முடியாது. நான் வெச்சுக்கவும் கூடாது.”

“பதினோரு நாள்தானே?”

“ஒரு நாள்கூட...”

‘டங்’ என்று கீழே இரும்புச் சத்தம். பலகை சுவரில் இடித்திருக்கிறது. காலடிகள் ஏறின. ஐந்து, ஆறு, ஏழு. திருப்பத்தில் ஒரு ‘டங்’. மறுபடி காலடிகள்.

கண்டக்டர் அவளையே பார்த்தார். அவள் படிவத்தைப் பார்த்தாள்.

பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எக்ஸ்ரே வாசலில் நின்றாள். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

“என்ன, ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?”

அவள் பார்வை அண்ணியிடமிருந்து அப்பாவுக்குப் போனது. அப்பாவின் முகத்திலிருந்து கீழே இறங்கியது. துணிப்பட்டையை அவர் அவிழ்க்கவே இல்லை. அவர் மூச்சு வாங்க வாங்க, அந்த முடிச்சு வலது பக்கம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

பதினோரு வருஷமாகத் தினம் அறுபது நெஞ்சுகளைப் பார்க்கிற கண் அது.

பலகையை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தாள். சிரிப்பு எங்கோ போயிருந்தது. வந்த குரல் வீட்டுக் குரல் இல்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையின் குரல்.

“அப்பா, நேரா நில்லுங்க. மூச்சை நல்லா இழுங்க.”

கண்டக்டர் இழுக்கவில்லை.